ஒரு கல் பத்தடி

செக்காலை ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னறை.
டோனர் டப்பாக்களை ஓரம் தள்ளினால்
பதினொன்றுக்கு ஒன்பது ஆத்தங்குடிக் கல்.
ஒரு கல் பத்தடி என்றான் வயிரவன்.
அன்றிலிருந்து அது சுரங்கம்,
சோடா மூடிகள் நாங்கள்.
ஜன்னலோரம் ஒரு கல் உடைந்து சிமெண்ட் தெரியும்.
அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

விதிப்புத்தகம் நகலின் நகல்.
கலீலின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து
நகலெடுத்தது காயுமுன் திரும்பக் கொண்டுபோனது.
முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு படம்.
கறுப்பு மசி, வெறும் கோடு.
நாலு பேர் படியிறங்குகிறார்கள்.
ஒருவனுக்குத் தொப்பை, கவசம் அதன்மேல் ஏறி நிற்கிறது.
ஒருத்தி எதையோ மிதித்துவிட்டவள்போல் குனிந்திருக்கிறாள்.
யாரும் நம்மைப் பார்க்கவில்லை.

புதுப் பதிப்பைப் போனில் பார்த்திருக்கிறேன்.
வண்ணம், காற்றில் கேசம்,
எல்லோரும் கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல.
அவர்கள் சாக மாட்டார்கள்,
பேசி முடித்துவிட்டு வந்தவர்கள்.
இந்த நாலு பேருக்கு ராச்சாப்பாடே சந்தேகம்.

வரைந்தவன்
ஆட்களைச் சட்டென்று முடித்துவிட்டு
மீதி நேரமெல்லாம் இருட்டைத்தான் வரைந்திருக்கிறான்,
கோட்டின்மேல் கோடு, குறுக்கே கோடு.
என் இயந்திரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தது.
முதல் நகலில் நாலாவது ஆளுக்கு முகம் இருந்தது.

உமையாள் ஆய்வகத்தில்
உப்பை நாலு தசமம்வரை நிறுப்பவள்.
இங்கே அவள் தீவட்டிக்காரி, பெயர் சில்வண்டு.
உயிர் மூன்று புள்ளி.
பென்சிலில் எழுதி அழித்து எழுதி
அந்த இடத்தில் தாள் மெலிந்து
அடியில் வைத்த விரல் தெரியும்.

இருபது முகப் பகடை தொலைந்து மாதமாகிறது.
துணிப்பையில் தம்போலாக் காய்கள்,
ஒன்றிலிருந்து இருபது வரை.

யார் முன்னால் போவது என்ற பேச்சு வந்தது.
வெளிச்சம் வைத்திருப்பவர் போகட்டுமே என்றேன்.
நியாயமாகத்தான் இருந்தது.

அவள் மூடி உடைந்த கல்லுக்கு வந்தது.
வயிரவன் பையை நீட்டினான்.
கைவிட்டுக் கலக்கி எடுத்தாள்.
ஒன்று.
தேய்ந்த சிவப்பு ஒன்று.
பத்தாக இருக்கும், சைபர் அழிந்திருக்கும் என்று
கலீல் அதை விளக்கில் சாய்த்துப் பார்த்தான்.
பத்து பைக்குள் கிடந்தது.

"இருபதடி. கீழே கம்பிகள்.
தீவட்டி இன்னும் எரிகிறது."
கடைசி வாக்கியத்தை வயிரவன் விட்டிருக்கலாம்.

உமையாள் அழவில்லை.
உடம்பை எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள்.
முடியாது. பின்னால் ஏதோ இழுபடும் சத்தம்.
ஓடினோம், மூன்று மூடிகள், கதவு வரை.
பிறகு நிஜமாகவே ஷட்டரை இறக்கி
கழனிவாசல் திருப்பம் வரை பேசாமல் நடந்தோம்.

மறுநாள் கலீல் ஆய்வக வாசலில் போய்
கேதம் கேட்டானாம், கேலிக்குத்தான்.
பாதியில் கேலி நின்றுபோய்
இருவரும் டீ குடித்தார்களாம்.
நான் போகவில்லை.
முன்னால் அனுப்பியவன் எந்த முகத்தோடு போவது.

அடுத்த ஞாயிறு புதுத் தாள், பச்சை மூடி.
கடுவன். வாள்காரன். ஐந்து புள்ளி.
அதே படி. அதே கல்லின் விளிம்பு.
"கீழே யாரோ கிடக்கிறார்கள்," என்றான் வயிரவன்,
"உனக்குத் தெரியாதவர்."
விதி அப்படி.
தெரிந்ததை முகத்திலிருந்து எடுக்க
உமையாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
பிறகு, "பையில் என்ன இருக்கிறது?"
அவள் கையால் எழுதிய பட்டியலை
அவளுக்கே படித்தான்:
காசு பதினொன்று. பாதி ரொட்டி. சுண்ணாம்புக் கட்டி.
கயிறு, பத்தடி.

எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.
ரொட்டியை மட்டும் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை கடையில் ஆள் இல்லை.
முப்பத்தேழாம் பக்கத்தை வைத்து
வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி நகலெடுத்தேன்.
நாலாவது முகம் வரவில்லை.
படிக்குக் கீழே, கோடுகளுக்குள்,
கவிழ்ந்து கிடக்கும் ஒரு செருப்பு வந்தது.
நாலு பேர் காலிலும் செருப்பு இருக்கிறது,
இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

தாளை மடித்து
கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
உமையாளிடம் இன்னும் காட்டவில்லை.