பாலைப்பழ ஐதரசன்

ஹஸ்மியாவின் கேத்திலில்
தண்ணீரைவிடக் கல்சியம் கூட.
அடியில் வெள்ளைப்படை, முட்டைக்கோதுபோல் தடித்து.
"இதைச் சுரண்டி நியமிச்சாலே
பொது இரசாயனம் முடிஞ்சிடும்"
என்கிறான் கஜரூபன்.
பொது இரசாயனத்தில் ஒருமுறை தவறி
மறுமுறை தப்பியவன்.
சிரிக்க அவனுக்குத்தான் முதல் உரிமை.

அறிவியல் நகர், வாடகை வீடு,
ஒன்பது மணிக்குக் கேற் பூட்டப்படும்.
பதினொரு நாளில் சேதன இரசாயனம்.

நூலகத்தில் மூலக்கூறு மாதிரிப் பெட்டி
அறுபது பேருக்கு ஒன்று;
அதிலும் காபனை யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.
ஆகவே
காபனுக்குத் தேசிப்பிஞ்சு.
புரோமீனுக்குச் சின்ன வெங்காயம்.
பிணைப்புக்கு விளக்குமாற்று ஈர்க்கு.
ஐதரொட்சைட்டு
தாக்கப்போவது என்பதால் பச்சைமிளகாய்.
ஐதரசனுக்கு, மல்லாவியிலிருந்து கஜரூபன்
ஐஸ்கிறீம் டப்பாவில் கொண்டுவந்த பாலைப்பழம்.
நூற்றொன்பதரைப் பாகை என்று அளந்து குத்தினாலும்
அவனுடைய ஐதரசன்கள் ஒரு பக்கம் சாயும்.
மிஞ்சியதைத் தின்றோம்.
பால் உதட்டில் ஒட்டி
எல்லாருடைய உச்சரிப்பும் ஒன்றுபோலாகியது.

விரிவுரை ஆங்கிலத்தில்.
அது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் சொந்தமில்லை.
ஒட்டுசுட்டானில் நான் கருநாடி என்று படித்தது
மதவாச்சியில் இமேஷாவுக்கு ந்யஷ்டிகாமி.
"காமியா?" ஹஸ்மியா முக்காட்டால் வாயைப் பொத்தினாள்.
"ஓம், கருவில ஆசை வச்சது,"
இமேஷா அரைத் தமிழில்
முழு முகத்தோடு விளக்கினாள்.
அன்றிலிருந்து எங்கள் அம்புக்குறிகளுக்குக்
கொஞ்சம் வெட்கம் வந்தது.

பிடிபடாதது ஒன்றுதான்:
வெங்காயம் முன்னால் போகிறது,
மிளகாய் பின்னால் வருகிறது.
சரி.
நடுவில் நிற்கும் மற்ற மூன்றும்
ஏன் மறுபக்கம் சாயவேண்டும்?
மூன்று மாலை அதிலேயே போனது.

நாலாம் நாள் ஏ-ஒன்பதில் பஸ்ஸுக்கு நின்றோம்.
சோளகம் செம்மண்ணை அள்ளிக் கண்ணில் போட்டது.
மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று
முதுகை உரசுவதுபோல் கடந்தபோது
ஹஸ்மியாவின் குடை
ஒரு கணம் தட்டையாக நின்று
பிறகு வானத்தைப் பார்த்து விரிந்தது.

"பிட்டிப்பஸ்ஸென்!" கத்தினாள் இமேஷா.
பின்னாலிருந்து! பின்னாலிருந்துதான்!
தட்டையாக நின்ற அந்தக் கணம்,
அதுதான் மாறுநிலை,
பாடப்புத்தகத்தில் சதுர அடைப்புக்குள்
மூச்சைப் பிடித்தபடி நிற்கும் அது.

பஸ் வந்தது. போனது.
நாங்கள் குடையை மடக்கி, நிமிர்த்தி,
காற்றுக்கு முதுகு காட்டி மறுபடி புரட்டினோம்.
மூன்று கம்பி முறிந்தது.
வேலை முடிந்து நின்ற கார்மென்ட்ஸ் பெண்கள்
ஒதுங்கி நின்றார்கள்.
ஹஸ்மியா குடைக்காசு கேட்டாள்,
இன்னும் ஒருவரும் கொடுக்கவில்லை.

பரீட்சையில் அது நாலாம் வினா.
பன்னிரண்டு புள்ளி.
நான் முதலில் குடை வரைந்தேன்,
அழித்தேன்,
பிறகு காபன்.
விரலில் இன்னும் வெங்காய வாசம்.

திரும்பி வந்தால் யன்னல் கட்டில் எறும்பு வரிசை.
ஐதரசன் முழுவதையும் கொண்டுபோயிருந்தன.
வாடிய காபன், வளைந்த ஈர்க்கு மட்டும் மிச்சம்.
மிளகாயை ஒன்றும் தொடவில்லை.

புரட்டாதியில் பெறுபேறு.
எங்கள் மூவருக்கும் பரவாயில்லை.
கஜரூபனுக்கு இரண்டு புள்ளி காணாது.
குடை சரியாகத்தான் விரிந்ததாம்,
கடைசி விளைவில்
ஒரு ஐதரசனை எழுத மறந்தானாம்.
"எறும்பு," என்றான்.
நாங்கள் சிரித்த பிறகும்
பெயர்ப்பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுபரீட்சை மார்கழியில்.
இரணைமடு வான் பாயும் காலம்,
காட்டில் ஒரு பாலையும் பழுத்திராது.
இமேஷா கேத்திலை அடுப்பில் வைக்கிறாள்,
தேசிப்பிஞ்சு ஐந்தை மேசையில் உருட்டுகிறாள்.
இனிப் படிக்கத் தேவையில்லாதவள்
ஈர்க்கை முறித்து அளந்தபடி கேட்கிறாள்:
"மாரியில
ஐதரசனுக்கு என்ன எடுக்கிறது?"