விடுபட்டோர் நாள்

பூச்சி மாத்திரை போன திங்கட்கிழமை.
அன்று வராதவர்களுக்கு இந்தத் திங்கள்.
சூளைப் பிள்ளைகள் எப்போதும்
இந்தத் திங்கள்தான்.

புழல் ஏரி தாண்டி, தார் முடிகிற இடத்தில்
வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறேன்.
பையில் அல்பெண்டசோல் அறுபது, ஒரு கரண்டி,
எந்தக் கட்டத்திலும் இவர்கள் பொருந்தாத பதிவேடு.
பள்ளி என்ற இடத்தில்
"சூளை" என்று எழுதினால்
அலுவலகத்துக் கணினி ஏற்காது.
"மற்றவை" என்று எழுதுகிறேன்.

விழுங்காதே, மெல்லு.
வாயைத் திற.
நாக்கைத் தூக்கு.
நாற்பத்தொரு முறை சொல்லியாயிற்று.
கன்னத்தில் ஒதுக்கியவனைக் கண்டுபிடிப்பது சுலபம்:
அவன் மட்டும் சிரிக்கமாட்டான்.

லோகித் சிரிக்கவில்லை.
எச்சில் ஊறிய பாதி வெளியே வந்தது.
"பாப்பாவுக்கு."
பாப்பாவுக்கு ஒன்றே கால் வயது.
அவளுக்குத் தனியாக அரை மாத்திரை,
நசுக்கித் தண்ணீரில் நானே தருவேன் என்றேன்.
யோசித்தான்.
நான் கரைக்கும்வரை
கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
பிறகு மென்றான்.

மறுநாள் காலை
நலவாழ்வு மைய வாசலில் அஞ்சலாட்சி.
கை முழுக்கச் செம்மண், கையில் ஊறுகாய் டப்பா.
"நேத்து வரைக்கும் நல்லா இருந்தான்.
உங்க மாத்திரை தின்னதும் இது வருது."

உள்ளே ஒரு சாண் நீளம்,
இடியாப்ப நிறம்,
அசைவில்லை.

மாத்திரை கொண்டுவரவில்லை அம்மா,
முன்பே உள்ளே இருந்தது.
"எத்தினி நாளா?"
இவ்வளவு வளர
இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.
விரல் மடக்கினாள்.
தை பிறந்து
லாரி ஏறி வந்தவர்கள்.
"அப்போ செஞ்சியிலேர்ந்தே
எங்ககூட வந்திருக்கு."

பிறகு, நான் எதிர்பார்க்காத விதமாக, சிரித்தாள்.
"தெரிஞ்சிருந்தா
மேஸ்திரிகிட்ட
இதுக்கும் சேத்து அட்வான்ஸ் வாங்கியிருப்போமே."

அடுத்த மாத்திரை ஆகஸ்டில்.
ஆகஸ்டில் களத்தில் மழைத்தண்ணீர் நிற்கும்.
இவர்கள் எந்த ஊரில், யாருடைய பதிவேட்டில்
"மற்றவை"யாக இருப்பார்களோ.
ஒரு சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தேன்.
எங்கிருந்தாலும் கேட்டு வாங்கு.
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"இத எங்க போடறது?"

கக்கூஸில் போட்டு
நிறையத் தண்ணி ஊத்து என்று
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள்.
முந்தாநாள் களம் முழுக்க நடந்தவள்தானே நான்.

மையத்தின் பின்பக்கக் கழிவறைச் சாவியைத் தேடி எடுத்தேன்.
கவிழ்த்தாள். மூன்று வாளி ஊற்றினாள்.
சோப்புக் கேட்டு வாங்கி
டப்பாவை இரண்டு முறை தேய்த்தாள்.

"மூடி எங்க வெச்சீங்க?" என்றாள்.
"அது வேணும்."