இரண்டாவது உடல்

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
வாரத்தில் ஆறு நாள் கடைவாய்ப் பற்கள்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
வாய் மூடியிருக்கும் மனிதர்களைத் தேடிப் போவேன்.

ஒரு ஸோர்க்கி, இரண்டு லென்ஸ்.
ஐம்பது ஒன்று, முப்பத்தைந்து ஒன்று.
திருகிக் கழற்றி, திருகி மாட்டி,
இடையில் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு.
போன மாதம் திதுபே பேருந்து நிலையத்தில்
ஆளுயரக் கண்ணாடி ஒன்றை
இருவர் வேனின் கூரைக்கு ஏற்றினார்கள்.
அதோடு வானம் ஏறியது, மின்கம்பிகள் ஏறின,
ரொட்டிக்காரியின் சிவப்புக் குடையும் ஏறிப் போனது.
என் கையில் ஒரு லென்ஸ், பையில் ஒரு லென்ஸ்,
கேமராவின் முகத்தில் வெறும் ஓட்டை.

அதனால்தான் இன்று வறண்ட பாலத்தில் நிற்கிறேன்.
திபிலிசியின் மார்ச் காற்று
ஆற்றிலிருந்து எழுந்து கழுத்துக்குள் இறங்குகிறது.
லமாரா தன் நீல லாடாவின் பானெட்டில்
போர்வை விரித்துக் கடை பரப்பியிருக்கிறாள்.
"என்ன வேண்டும்?"
"ஓர் உடல்."
"எல்லோருக்கும் அதுதான் வேண்டும்" என்றான்
பக்கத்தில் பதக்கம் விற்கும் ஓதார்.
அவனை யாரும் கேட்கவில்லை.

முதலில் கியெவ் ஒன்றை நீட்டினாள்.
நல்ல கனம். தூரம் பார்க்கும் ஜன்னல்கள் இரண்டும்
ஐந்து விரற்கடை தள்ளி.
மனசு அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.
ஆனால் அதன் வாய் வேறு.
என் லென்ஸ்கள் மரை உள்ளவை,
அதுவோ மரை அறியாத குடும்பம்.
இதற்காக அவற்றை விற்பது
செருப்புக்காகக் காலைச் செதுக்குவது.
வைத்துவிட்டேன். இன்னொரு முறை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மிச்சம் இரண்டு ஃபெட்.
ஒன்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோலப் பளபளப்பு.
மற்றது பச்சைத் தோல், மூலையில் உரிந்து.
என் முப்பத்தைந்துக்கு
முன்னால் குன்றிமணி அளவு கண், பின்னால் ஆந்தைக் கண்.
அந்தப் புடைப்பு ஷட்டர் திரைவரை உள்ளே போகும்.
எதன்மீதாவது இடிக்குமோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன்.
மெய்யின்மேல் உயிர் ஏறியதுபோல
சத்தமில்லாமல் உட்கார்ந்தது, இரண்டிலும்.

காலையில் ரொட்டி சுற்றித் தந்த எண்ணெய்த்தாளைக் கிழித்து
ஃபிலிம் ஓடும் இடத்தில் ஒட்டினேன்.
ஐம்பதை மாட்டி, முழுதாகத் திறந்து,
ஷட்டரை விரலால் அழுத்திப் பிடித்தேன்.
தாளில் பாலம் தலைகீழாய் வந்தது,
ஓதாரும்,
விளக்குக் கம்பமும்.

பளபளப்பானதில் ஒரு பொய்.
மஞ்சள் கட்டத்துக்குள் கம்பத்தின் இரு பிம்பமும் கூடியபோது
தாளில் தெளிந்தது கம்பம் அல்ல,
அதற்கு நாலடி பின்னால் மூக்கு சிந்திய ஆள்.
பச்சையில் ஒரு பிம்பம்
மயிரிழை மேலே நின்றது, படி ஏறிவிட்டவன்போல.
ஆனால் தாள் சொன்னதும் ஜன்னல் சொன்னதும் ஒன்று.

"அதுவா? அது பார்க்க நன்றாயில்லையே" என்றாள் லமாரா,
விற்கிறவள் சொல்லக் கூடாததை.
நூற்றெண்பது லரி கேட்டாள்.
நூற்று நாற்பதும்
அவள் மகனுக்கு இலவசமாக ஒரு பல் எக்ஸ்ரேயும் என்று முடிந்தது.

மார்பில் பச்சை: ஐம்பது.
இடுப்பில் ஸோர்க்கி: முப்பத்தைந்து.
முப்பத்தைந்துக்கு இதன் வியூஃபைண்டரில் கட்டம் கிடையாது,
தலையில் செருகும் தனி ஜன்னல் வாங்கக் காசும் கிடையாது.
குத்துமதிப்பாகத்தான் சுட வேண்டும்.

முதல் சுருள் கழுவி வந்தது.
ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் நான் அழைக்காத யாரோ:
ஒரு முழங்கை, பாதி நாய்,
பதக்கம் துடைக்கும் ஓதாரின் கை மூன்று தடவை.
அவற்றை வெட்டிவிடத்தான் நினைத்திருந்தேன்.

இப்போது திதுபேயில் நிற்கிறேன், இரண்டு கேமராவோடு.
"ஒன்று போதாதா, மக்வாலா?" என்கிறாள் ரொட்டிக்காரி.
வேன்கள் வருகின்றன, போகின்றன.
கூரைகளில் வெங்காய மூட்டை, மெத்தை,
கயிறு கட்டிய ஒரு குளிர்சாதனப் பெட்டி.
கண்ணாடி எதுவும் வரவில்லை.