தீர்மானப் புத்தகம்

முப்பத்தொரு வருஷமாக
இந்தப் புத்தகத்தில் எழுதுவது நான்தான்.

சாராயக் கடை: மறுக்கப்பட்டது.
கடன் வாங்கிக் கடைவீதி: மறுக்கப்பட்டது.
"கண்மாய் நெறயாம மடை தொறக்கப்படாது"
என்பார் ஏகப்பன் அம்பலம்.
மீந்த பணத்தைக் காலணா பிசகாமல்
திருப்பி அனுப்பிய ஒரே தலைவர் என்று
கல்லல் ஆபீஸில் சிரிப்பார்கள்.

எங்கள் தெருவுக்குக் குழாய்:
ஒத்திவைக்கப்பட்டது.
பதினான்கு முறை. என் கையெழுத்தில்.
"ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, மாயழகு."

அதே மனுஷன்தான்
என் மூத்தவள் பிரசவத்துக்கு, அடைமழையில்,
தன் அம்பாசிடரைத் தானே ஓட்டிக்கொண்டு
காரைக்குடி வரைக்கும் வந்தார்.
டீசல் காசு வாங்கவில்லை.
ஏறுமுன் சீட்டில் துண்டு விரிக்கச் சொன்னார்.
இரண்டையும் நான் மறக்கவில்லை.

இன்று பொருள் ஒன்று: இரங்கல்.
இரண்டு நிமிஷம் நின்றோம்.
நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை,
நாலு பேர் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பொருள் இரண்டு: குழாய்.
பேச்சு முடியுமுன்னே
"ஒத்தி" வரைக்கும் கை எழுதிவிட்டது.
அடித்துவிட்டு மேலே எழுதினேன்:
ஒருமனதாக.

அடித்தது தெரிகிறது.
தெரியட்டும்.