மே/பா

பூண்டுலோயாவில் மழை விடவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
அதைத்தான் எழுதப் போனேன், காலை ஆறு பத்துக்கு,
மானியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு,
ஈரக் கையோடு.
திரையின் உச்சியில் ஓர் அறிவிப்பு நின்றது:
இந்தச் சேவையகம் மார்கழி முப்பத்தொன்றோடு மூடப்படும்.
உங்கள் பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள்.
அன்புடன், சுதர்மன்.

சுதர்மன் பண்டாரவளையில் இருக்கிறான்.
ஹார்ட்வெயார் கடை மாடியில் பழைய கணினி ஒன்று,
அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு லொறி பேட்டரி,
அதற்குள் நாங்கள் நானூற்றுச் சொச்சம் பேர்.
கரண்ட் போனால் போவோம், வந்தால் வருவோம்.
அவனுக்கு ருமேனியாவில் வேலை கிடைத்திருக்கிறது.
குற்றம் சொல்ல முடியுமா?

எனக்கு வீட்டு இலக்கம் கிடையாது.
வங்கிக் கடிதம், பரீட்சை அட்மிஷன்,
தம்பிக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு,
எல்லாம் தோட்ட ஆபீஸ் மேசையில் வந்து படுத்திருந்து
யாருக்காவது ஞாபகம் வந்தால் பணிய லயத்துக்கு இறங்கும்.
தம்பியின் அழைப்பு இறங்கியபோது
நேர்முகம் முடிந்து ஒன்பது நாள்.
பெயர்,
பெயருக்குக் கீழே மே/பா,
அதற்குக் கீழே துரையின் தோட்டம்.

அதனால்தான் இந்த வலையில் சேர்ந்த அன்று
என் முகவரியைப் பார்த்துச் சிரித்தேன்.
பெயர். பிறகு @. பிறகு இன்னொருவர் வீடு.
அந்தக் குறியை ‘அட்’ என்று சொல்லிக்கொடுத்தான் சுதர்மன்.
எனக்கு அது அட்டை.
கணுக்காலில் சுருண்டிருந்து
குடித்து முடித்ததும் தானாக விழுகிறதே, அது.

புதிய இடம் ஹட்டனில்.
ஆறு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள்,
மாதம் முந்நூறு ரூபாய், கணக்குக் காட்டுகிறார்கள்.
புதிய வீடு முதலில் சொல்ல வேண்டும்,
அந்தப் பழையவளும் இவள்தான் என்று.
பழைய வீடு பிறகு சொல்ல வேண்டும்,
அவள் அங்கே போய்விட்டாள் என்று.
இரண்டும் ஒத்துப்போனால்தான்
பின்தொடர்கிறவர்கள் நகர்வார்கள்.
ஒரு காலத்தில் இரண்டு நாடுகள் ஒத்துப்போய்
எங்களைத் தலை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன.
அன்றைக்குப் பொத்தான் எங்கள் கையில் இல்லை.
இன்றைக்கு இருந்தது.
ஸ்டோருக்குப் பின்னால், தண்ணீர் டாங்கி மேல்,
சிக்னல் இரண்டு கோடு காட்டும் ஒரே இடத்தில்
அரை மணி நேரம் அழுத்தாமல் நின்றேன்.

இருநூற்றுப் பதினாலு பேர்.
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணினேன்.
நாற்பது, எழுபது, நூற்று ஆறு.
இருட்டும்போது நூற்று எண்பத்து மூன்று.

எழுதியவை கூட வராது, அதுதான் சட்டம்.
மூன்று வருட மழை அங்கேயே.
ஐந்தாம் லயத்துப் பின்சுவரில் விழுந்த வெடிப்பும் அங்கேயே.
முதல் படத்தில் கொழுந்துக் காம்பு நுழையும்,
அடுத்ததில் விரல்,
கடைசியில் என் முழங்கை.
அதைக் காட்டித்தான் பதினொரு குடும்பத்தைப்
பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார்கள்.
இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள்.
எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டித் தந்தான் சுதர்மன்.
அவிழ்த்து நான் வாசிக்கலாம்,
யாரும் பதில் எழுத முடியாது.

வராத முப்பத்தொரு பேரில் ஒருவர் கேகாலை.
பெயர் தெரியாது, முகத்துக்குப் பதில் தவளைப் படம்.
ஒருநாளும் பேசியதில்லை.
நான் மழையை எழுத மறந்த நாளில் மட்டும்
ஒரு கேள்விக்குறி அனுப்புவார்.
வேறொன்றும் இல்லை: ?
அவர் இருந்த வீடும் எங்கோ மூடிவிட்டதோ என்னவோ.

புதிய வீட்டில் முப்பது நாள் ஆகிவிட்டது.
ஆறு பத்துக்கு மானி, ஆறரைக்கு டாங்கி.
மழை கொஞ்சம் அடங்கும் ஒரு நாளுக்காகப் பார்த்திருக்கிறேன்.
அன்றைக்கும் அளப்பேன்.
கொப்பியில் குறிப்பேன்.
டாங்கி மேலும் ஏறுவேன்.
எழுதாமல் வைத்துக்கொண்டு
இரவு வரை பார்ப்பேன்.