மணித்தியாலக் கணக்கு

கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில்
என் படிவத்தைப் புரட்டிய அண்ணா சொன்னார்:
"விவாதம் எல்லாரும் போடுறது.
படகு வலிச்சால் வெளிநாட்டுக் கம்பஸில எடுபடும்."

நீந்தத் தெரியாது எனக்கு.
ஆனாலும் சேர்ந்தேன்.

பேர வாவியின் பச்சைத் தண்ணி மணக்கும்.
கூழைக்கடா ஒன்று
எங்களை மதிப்பதேயில்லை.
கிழமைக்கு ஆறு மணித்தியாலம்,
மிஸ்ஸின் கையெழுத்து, முத்திரை.

ஒரு செவ்வாய்
நடுவாவியில் மழை பிடித்தது.
துடுப்புகளைத் தண்ணியில் படுக்கவிட்டு
நாலு பேரும் நனைந்தோம்.
நெதுமி தன் மாலுபாணைப் பிய்த்து நீட்டினாள்,
பாதி மீன், பாதி மழை.
சிரித்த சிரிப்பில் படகு ஆட
பயப்பட மறந்துபோனேன்.

கரையிலிருந்து மிஸ்
அன்றைய திகதிக்கு நேரே எழுதியிருந்தா:
மழை. பயிற்சி இல்லை.
பூச்சியம்.