பதினோரு மாதம்

சிஓஇ முடியப் பதினோரு மாதம்.
அதனால்தான் அந்த விலை.

ஈசூன், கார்நிறுத்தம், ஐந்தாம் தளம்.
கார்பொரேட்டரைக் கழற்றி
மைலோ அட்டைமேல்
வரிசையாக வைத்தேன்.
மழைக்காற்று வந்தது,
வரிசை போயிற்று.

பித்தளை ஜெட்டின் துளை
ஊசிக்கே இடம் தராதது.
கிட்டார் கம்பியால் குத்தி, ஊதி,
கண்ணருகே தூக்கிப் பிடித்தேன்:
அதற்குள்
எதிர் புளோக்கின் மூங்கில் கழியில்
யாருடையதோ சிவப்புத் துண்டு
சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் உதையில் இருமல்.
ஏழாவதில் பிடித்துக்கொண்டது.
டாக்சி துடைத்துக்கொண்டிருந்த ரோஸ்லான்
திரும்பிப் பார்க்காமலே
துணியை உயர்த்தி ஆட்டினார்.

ஒரு திருகாணி மட்டும் மிச்சம்.
எந்த இடத்தது?
தெரியவில்லை.

துவாஸ் இரவு வேலைக்கு
இதிலேதான் போகிறேன்.
வண்டி எங்கும் நிற்கவில்லை.
நான்தான்
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
சட்டைப்பையைத்
தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.